ஏழாவது மைக்

பிப்ரவரி 1, வியாழன். கோயம்புத்தூர்

காலை பத்து மணிக்கே மைதானத்துக்கு வந்துவிட்டேன். மூடிப்போன நூற்பாலை வளாகம். நாளை முதல் மூன்று நாள் இசைவிழா, மூன்று மேடைகள். எனக்குக் கிடைத்தது சிறிய மேடை. இதுவரை யாரும் கேள்விப்படாத புதுக் குழுக்கள் மட்டும் வாசிக்கிற இடம். இருபத்திரண்டு வருடமாக சவுண்ட் மிக்சர் முன்னால் உட்காருகிறேன், எந்த விழாவிலும் பெரிய மேடை எனக்கு வாய்த்ததில்லை. நேற்று மீசை முளைத்தவனெல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கிறான். சரி, முதல் நாளே புலம்பக் கூடாது.

விழாவை நடத்துகிற பூங்கொடி மேடம் வந்து பார்த்தார். "இருதயராஜ் சார், இந்தத் தடவை இதை நல்லபடியா முடிச்சுக் குடுங்க. அடுத்த வருஷம் பெரிய மேடைக்கு உங்க பேரைத்தான் யோசிச்சிருக்கேன்" என்றார். வாயெல்லாம் பல்லாக நின்றிருப்பேன். நல்லவேளை, தொப்பி பாதி முகத்தை மறைத்தது.

மேடைக்குப் பக்கத்தில் கேபிள் பார்க்கிறவர் சம்பத். உள்ளூர்க்காரர், என் வயதுதான். சோதனை பார்க்கும்போது ஹெட்ஃபோனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன். எந்த மைக்கை வேண்டுமானாலும் ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்கலாம். வெளியே ஸ்பீக்கரில் வராமல் அந்த மைக்கை மூடி வைத்திருந்தாலும் நம் காதுக்கு மட்டும் வரும். அதில்தான் ஆபத்தே இருக்கிறது. கூட்டம் கேட்பதை நாமும் கேட்க வேண்டுமென்றால் காது வெறுமையாக இருக்க வேண்டும்.

"ஏனுங்ணா, உங்களுக்குக் காதுன்னு பேரு வெச்சது சும்மா இல்லீங்" என்றார் சம்பத். தொழிலில் எனக்கு அந்தப் பட்டப்பெயர் உண்டு. காது இருதயராஜ். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 2, வெள்ளி

ஏழு குழுக்கள் வாசித்தார்கள். வரிசையாக எழுதினால் தூக்கம் வந்துவிடும். முதலில் வந்த பையன்கள் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரே பாட்டை நான்கு பெயரில் பாடினார்கள். அடுத்து ஒரு பெரிய கூட்டம், மேடையில் பன்னிரண்டு பேர். யார் வாசிக்கிறார்கள், யார் சும்மா நிற்கிறார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. மதுரையிலிருந்து 'இரும்புக் குதிரை' என்று ஒரு குழு வந்தது. பறையும் எலெக்ட்ரிக் கிட்டாரும். நன்றாக இருந்தது.

ஆனால் இன்றைக்குக் கேட்டது அதுவல்ல. மாலை நாலரைக்கு 'மறுகரை' என்று மூன்று பேர் வந்தார்கள். அம்பாசமுத்திரம். அண்ணன் மாசானம், கிட்டார். தங்கை இசக்கி, பாட்டு மட்டும். டிரம்ஸ் வாசிக்கிற பையன் அவர்களுடைய நண்பன். மாசானம் வந்ததும் என்னிடம்தான் பேசினார்.

"அண்ணே, எங்க பாட்டு எல்லாமே கேள்வியும் பதிலும்தாண்ணே. நான் கேப்பேன், இவ பதில் சொல்லுவா. ரெண்டு கொரலும் சமமா வரணும். பாத்துக்கிடுங்க."

இசக்கி மைக்கைப் பிடித்தபடி மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கல்லூரிப் போட்டி ஒன்றில் ஒரு தடவை மேடையேறி வாய் திறக்காமல் இறங்கி வந்துவிட்டதாம். "அன்னைக்கிப் பெறவு இதுதாண்ணே மொத மேடை" என்று மாசானம் காதோடு சொன்னார்.

சவுண்ட் செக்கில் இசக்கியின் மைக், ஏழாவது சேனல், ஊளையிட்டது. அதைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே நேரமாகிவிட்டது. பெரிய மேடையிலிருந்து வேறு இடி மாதிரி சத்தம் வந்துகொண்டிருந்தது. சம்பத் அடுத்த குழுவின் டிரம்ஸ் இறக்கப் பின்பக்கம் போயிருந்தார். மறுபடி ஊளையிட்டால் உடனே பிடிக்க வேண்டுமே என்று ஹெட்ஃபோனில் ஏழாவதை மட்டும் தனியாக வைத்துக்கொண்டேன்.

அப்போது அந்தப் பெண் பாடியது. எப்படி எழுதுவது? மைக் வழியே அண்ணன் குரலும் டிரம்ஸும் தூரத்தில் கேட்கின்றன. அவற்றுக்கு முன்னால், என் காதுக்குள்ளேயே, அந்தக் குரல். "தோணி இல்ல, துடுப்பு இல்ல, எப்பிடித் தாண்டுவே?" என்று அண்ணன் கேட்கிறார். ஒரு கணம் விட்டு, "தோளு மேல உங்கொரல வச்சு நடந்து தாண்டுவேன்" என்று தங்கை பதில் சொல்கிறது. பயம் தெரிகிறது, பயத்தோடேயே பாடுகிறது. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. ஐந்து பாட்டு. ஹெட்ஃபோனைக் கழற்ற மனமே வரவில்லை.

கூட்டம்தான் சரியில்லை. ரசனை கெட்ட ஜனம். இரண்டாம் பாட்டிலேயே கலையத் தொடங்கியது. அந்தப் பெண் பதில் சொல்கிற இடத்தில் சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் காதைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டினார்கள். சத்தம் அதிகம் என்கிறார்களாக்கும் என்று கிட்டாரைக் கொஞ்சம் குறைத்தேன். முடிந்தபோது ஒருவர்கூடக் கைதட்டவில்லை. எனக்கே தட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் மிக்சர் முன்னால் இருப்பவன் கைதட்டக் கூடாது, கை எப்போதும் போர்டில் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. இசக்கி தலை குனிந்தபடி இறங்கிப் போனது.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. சவுண்ட், லைட், கேபிள் என்று வேலை பார்க்கிற நாங்கள் ஆளுக்கொரு புதுக் குழுவின் பெயரை வெள்ளை டேப்பில் எழுதி, கேபிள் பெட்டி மூடியில் ஒட்ட வேண்டும். சனிக்கிழமை மாலை எண்ணுவார்கள். எந்தப் பெயர் அதிகமோ அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பெரிய மேடையில் அரைமணி நேரம். குழுக்களுக்கு இது தெரியாது. நான் 'மறுகரை' என்று எழுதி ஒட்டினேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாதிப் பாட்டை மறந்துவிட்டு நின்றவர்களுக்கா என்றான் லைட் பார்க்கிறவன். உங்களுக்கெல்லாம் காதே இல்லையடா என்றேன்.

பிப்ரவரி 3, சனி

காலையில் சீக்கிரம் வந்து நேற்றுச் சேமித்து வைத்த செட்டிங்குகளைத் திறந்து பார்த்தேன். மறுகரை ஞாயிற்றுக்கிழமை வாசிக்க நேர்ந்தால் தயாராக இருக்கட்டுமே என்று. ஏழாவது சேனலில் சிவப்பு விளக்கு எரிந்தது, மைக் மூடியிருக்கிறது என்று. சேமிக்கும்போது கை பட்டிருக்கும்.

டிபனுக்குப் பொங்கல். மிளகை முழுசாகப் போட்டிருந்தார்கள். இந்த ஊரில் சாம்பாரில் வெல்லம் போடுவார்களா என்று சம்பத்திடம் கேட்டேன், அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் மழைக்குப் போட்ட தார்ப்பாயை மடித்து வைத்தோம். ஒன்பதாம் நம்பர் கேபிளில் கொரகொர சத்தம், மாற்றினேன். இரண்டு மைக் ஸ்டாண்டுக்குத் திருகாணி போட்டேன். பத்து மணிக்குள் எல்லா வேலையும் முடிந்துவிட்டது.

பதினொரு மணிக்குப் பூங்கொடி மேடம் வந்தார். "அந்தத் திருநெல்வேலிப் பிள்ளைங்களுக்கு நேத்து என்ன ஆச்சு சார்? பாட்டுல பாதி காணோம்னு சொல்றாங்களே."

"புதுசுங்க மேடம். அந்தப் பொண்ணு பயந்துடுச்சு போல" என்றேன்.

"அடடா. நீங்களே சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இன்றும் ஏழு குழுக்கள். யாரையும் எழுதத் தோன்றவில்லை. நாள் முழுக்க ஹெட்ஃபோனைத் தொடவில்லை.

மாலை எண்ணுவதற்கு முன்னால் பெட்டி மூடியிலிருந்த என் டேப்பை உரித்துவிட்டு, 'இரும்புக் குதிரை' என்று புதிதாக ஒட்டினேன். ஒரு வாக்கை வீணாக்குவானேன்? அவர்களுக்கே கிடைத்தது.

பிப்ரவரி 4, ஞாயிறு

இரும்புக் குதிரை பெரிய மேடையில் பிய்த்து உதறிவிட்டார்கள். மறுகரைக்காரர்கள் ஊருக்குப் போகாமல் கடைசி நாள்வரை இருந்திருக்கிறார்கள். தண்ணீர்ப் பந்தல் பக்கம் இசக்கியைப் பார்த்தேன். நான் வேறு வழியாகச் சுற்றிப் போனேன்.

பிப்ரவரி 5, திங்கள். திண்டுக்கல்

வீடு. ஸ்டெல்லா ரசம் வைத்திருந்தாள். சட்டையில் பாதி கோயம்புத்தூர் மண் இருக்கிறது என்று திட்டினாள். மதியம் நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

யாரோ ஒருவன் வெள்ளிக்கிழமை மேடையைக் கைப்பேசியில் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறான். சம்பத் அனுப்பி வைத்தார். அண்ணன் கேள்வி கேட்கிறார், தங்கையின் வாய் அசைகிறது, சத்தமே இல்லை. டிரம்ஸ் மட்டும் டொக் டொக்கென்று. மறுபடி கேள்வி, மறுபடி வாய் அசைகிறது. கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள். 'வாயசைப்பு ராணி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாம் தடவை பார்க்க முடியவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தேன். மாசானம் போன் செய்தார்.

"அண்ணே, நல்லாருக்கீங்களா? ஒண்ணு கேக்கணும். அன்னைக்கிப் பாடினத மிக்சர்லேர்ந்து ரெக்கார்டிங் எதும் எடுத்தீங்களாண்ணே?"

"எதுக்குப்பா?"

"வீட்ல ஒரே சண்டைண்ணே. பயந்து போய்ப் பாடாம நின்னுட்டா, நீங்கதான் பாத்தீங்கன்னு பூங்கொடி மேடம் சொன்னாங்க. இவ நான் பாடினேன், பாடினேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. வீடியோவப் பாத்தா சத்தமே இல்ல. எனக்கு மேடையில அவ கொரல் கேட்டாப்லதான் இருந்துச்சு. ஆனா தெனமும் கூடப் பாடுத கொரல்லா, மனசுலயே கேட்ருமோ என்னமோ. ரெக்கார்டிங் இருந்தா தெரிஞ்சிரும்."

ரெக்கார்டிங் இருக்கிறது. என் லேப்டாப்பில், ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாக. வெளியே எது மூடியிருந்தாலும் அதில் பதிவாகும்.

"அன்னைக்கு ரெக்கார்டு ஆகலையேப்பா" என்றேன்.

"பரவால்லண்ணே. ஒங்களுக்குத் தொந்தரவு" என்று வைத்துவிட்டார்.

மதியம் கறிக்குழம்பு. உப்பு கூட என்று சொன்னேன். சரியாகத்தான் இருக்கிறது என்றாள் ஸ்டெல்லா.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. வேலை இல்லை. லேப்டாப்பில் அந்த ஐந்து பாட்டையும் முறையாகக் கலந்து முடித்தேன். ஒரு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தது. இரண்டு குரலும் சமமாக, மாசானம் கேட்டபடியே. யாருக்காகச் செய்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஸ்டெல்லா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "யாருங்க இந்தப் பொண்ணு? உள்ள ஏதோ பண்ணுதே. இந்நேரம் பெரிய ஆளா வந்திருக்கணுமே?"

"தெரியல" என்றேன்.

"தெரியாமலா ஒரு மாசமா அதையே கேக்குறீங்க?"

லேப்டாப்பை மூடினேன். அவளும் விட்டுவிட்டாள்.

ஜூன் 22, சனி

பூங்கொடி மேடம் கூப்பிட்டார். அடுத்த பிப்ரவரி, பெரிய மேடை எனக்கே. வாழ்த்துச் சொன்னார். ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தேன். ஸ்டெல்லா இரண்டு சாப்பிட்டாள். எனக்குத் திகட்டியது.

செப்டம்பர் 14, சனி. திருநெல்வேலி

ஒருநாள் இசைவிழா. சிறியதுதான். ஒரே மேடை. வந்த பிறகுதான் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். நாலாவதாக மறுகரை.

மாசானம் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கூட ஒரு கீபோர்டு பையன். இசக்கியைக் காணோம். சவுண்ட் செக்கில் மாசானம் பாடுகிறார், "எப்பிடித் தாண்டுவே?" தங்கை பதில் சொல்கிற இடத்தில் கீபோர்டு நாலு சுரம் வாசிக்கிறது. மெட்டு அதேதான், சொல் இல்லை.

"தங்கச்சி எங்கப்பா?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவ நிறுத்திட்டாண்ணே. ரெண்டு மூணு மாசம் பாடினேன் பாடினேன்னு சொல்லிட்டிருந்தா. பெறவு ஒருநா அவளே வந்து, 'அண்ணே, நான் பாடல போலண்ணே, பயத்துல பாடினதா நெனச்சிக்கிட்டேன் போல'ன்னு சொல்லிட்டா. அதுலேர்ந்து வீட்ல கூடப் பாடுதது கெடையாது. அம்பையில ஜெராக்ஸ் கடையில வேல பாக்கா."

பிறகு என் மிக்சரைப் பார்த்து, "இன்னைக்கி நீங்க இருக்கீங்கள்லாண்ணே, கவல இல்ல" என்றார்.

அவர்கள் வாசித்தார்கள். ஜனம் நன்றாகவே கைதட்டியது. என் கை போர்டின் மேல் இருந்தது.

விடுதி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். பிப்ரவரி மூன்றாம் தேதியில் 'கை பட்டிருக்கும்' என்று எழுதி வைத்திருக்கிறேன். யாருக்காக அப்படி எழுதினேன்? எனக்கும் கடவுளுக்கும் தவிர வேறு யாருக்கும் இந்த நோட்டுக் கிடையாது. இரண்டு பேருக்கும் உண்மை தெரியும்.

கை படவில்லை. ஊளையைப் பிடிக்க நான்தான் ஏழாவதை மூடினேன். ஹெட்ஃபோனில் குரல் வந்தது, அதிலேயே சொக்கிப்போய்த் திறக்க மறந்தேன். அந்த மைதானத்திலேயே அந்தக் குரலைக் கேட்ட ஒரே ஆள் நான். அது பிழை. எவனுக்கும் நேரும். ஆனால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. எண்ணுவதற்கு இன்னும் பதினோரு மணிநேரம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேடம் அவர்களை ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை பாட வைத்திருப்பார். சொல்லவில்லை. பெரிய மேடை போய்விடும் என்று பயந்தேன். காது என்ற பெயர் போய்விடும் என்று பயந்தேன். பயந்தது நான், பயந்துவிட்டது என்று பெயர் வாங்கியது அந்தப் பெண்.

செப்டம்பர் 15, ஞாயிறு. அம்பாசமுத்திரம் பேருந்து நிலையம்

காலையில் பூங்கொடி மேடத்துக்கு எழுதி அனுப்பினேன். 'பிப்ரவரி 2, மறுகரை. பாடியவர் மைக்கை நான் மூடிவைத்து மறந்துவிட்டேன். பயந்தார் என்று உங்களிடம் சொன்னது பொய். பெரிய மேடை எனக்கு வேண்டாம்.' பார்த்துவிட்டார். பதில் இல்லை.

ஜெராக்ஸ் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. இசக்கி தனியாக இருந்தது, யாருடைய பத்திரத்தையோ நகல் எடுத்துக்கொண்டு. என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்கண்ணே" என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டது.

லேப்டாப்பைத் திறந்து வைத்து ஹெட்ஃபோனை நீட்டினேன். வாங்கி மாட்டிக்கொண்டது.

ஐந்து பாட்டையும் கேட்டது. இடையில் ஒருவர் ஆதார் அட்டை நகல் கேட்டு வந்தார். ஹெட்ஃபோனைக் கழற்றாமலேயே எடுத்துக் கொடுத்தது. மூன்றாம் பாட்டில் உதடு அசைந்தது. கடைசிப் பாட்டில் அழுதது, முகத்தைத் துடைக்கவில்லை.

கழற்றி வைத்துவிட்டு, "நான் பாடிருக்கேன்" என்றது.

"ஆமாம்மா. நீ பாடினே. நான்தான் மைக்கைத் திறக்கல."

"இது ஒங்ககிட்ட எப்பலேர்ந்து இருக்கு?"

"அன்னைக்கே இருந்து."

"அண்ணன் கேட்டப்ப இல்லன்னு சொன்னீங்களாமே?"

"ஆமா."

திட்டும் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை எடுத்து மாசானத்தை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தது. "நான் சொன்னா அவன் மறுபடி நம்பமாட்டான். நீங்களே சொல்லுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் மாசானம், "ஏட்டி, இசக்கி" என்று ஒரு தடவை கூப்பிட்டார். இந்தப் பெண் பதில் சொல்லவில்லை. இணைப்பை இசக்கிதான் துண்டித்தது.

"திரும்பப் பாடுவியாம்மா?" என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கேட்டுவிட்டேன்.

"தெரியலண்ணே. இப்ப வாயத் தொறந்தா, வெளிய கேக்குதா இல்லயான்னுதான் மொதல்ல நெனப்பு வருது." நகல் எடுத்த தாள்களை அடுக்கித் தட்டிச் சரிசெய்தது. "அன்னைக்கி அத்தன சனத்துல நான் பாடினத வேற யாராவது கேட்டாங்களா?"

"இல்லம்மா. நான் ஒருத்தன்தான்."

"நல்லாருந்துச்சா?"

"இருபத்திரண்டு வருசத்துல அப்படி ஒண்ணு கேட்டதில்ல."

அடுக்கிய தாள்களை மேசைமேல் வைத்தது.

"அப்ப நீங்க ஒரு ஆளாவது கைதட்டிருக்கலாம்லாண்ணே. நான் பாடி முடிச்சிட்டு அதத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

லேப்டாப் பை மடியில் இருந்தது. இரண்டு கையும் அதன் மேல் இருந்தன. அப்போதும் நான் தட்டவில்லை.